வெடிக்கு அஞ்சாத முல்லை

மழை விட்டு வானம் வெளுத்த கார்த்திகைத் திங்களின் விடியற்பொழுதில், சென்னை மாநகரின் மேற்றிசையில் ஏரிகளெல்லாம் கரை தளும்பி நின்றன. செம்பரம்பாக்கத்துப் பெருநீர்ப் பரப்பில் நாரைகள் நிரைநிரையாய் இறங்க, பூவிருந்தவல்லித் தோட்டங்களில் மலர் கொய்யும் பெண்டிர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சேற்றில் கால் பதிக்க, திருவேற்காட்டுக் கோயிலின் முதல் மணியோசை வேப்பமரங்களின் ஊடே தவழ்ந்து வயல்வெளியில் கரைய, ஆவடியில் படைத்துறை ஆலைகளின் சங்கு நீண்டு முழங்கிக் குடியிருப்புகளில் துயின்ற தொழிலாளரைத் தட்டியெழுப்பியது. அதற்கும் மேற்கே, பட்டாபிராமில், படைத்துறைச் சரக்கு ஏற்றி இறக்கும் கிளை இருப்புப்பாதை முட்புதருக்குள் வளைந்து மறையும் இடத்தில், பனைமரங்கள் சிலவும், ஒரு குட்டையும், ஓர் ஓட்டுவீடும், அவ்வீட்டின் பின்னே ஒரு கீற்றுக்கொட்டிலும் இருந்தன. எண்பதுகளின் நடுவாண்டுகளில், படிப்பவரே, இக்கதை அந்தக் கொட்டிலில் நிகழ்ந்தது.

கொட்டிலில் நின்றது முல்லை என்னும் பெண்குதிரை. கிண்டிப் பந்தயத் திடலில் ஓடிப் பழகி, ஓட்டம் குறைந்ததும் கழிக்கப்பட்டு, யார் யாரோ கைமாற்றி, இறுதியில் ராயப்பனிடம் வந்து சேர்ந்த செந்நிறப் புரவி அது. நெற்றியில் வெண்சுட்டியும், நெடிய கழுத்தும், நடக்கும்போது நிலத்துக்கு நோகுமோ என்று ஐயுறுவது போன்ற அடியெடுப்பும் உடையது. ராயப்பனோ ஆலையொன்றில் இரும்புச் சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளி. அகன்ற தோளும் குறைந்த சொல்லும் உடையவன். ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பின்வரிசையில் நின்று தொழுது, வழிபாடு முடியுமுன்பே முல்லைக்குப் புல்லறுக்க நழுவிவிடுபவன். அவனுடைய மனைவி ஞானசௌந்தரி, "நீ சாமிக்கு முட்டி போட்டத விட அந்தக் குதுர குளம்புக்கு முட்டி போட்டதுதான் ஜாஸ்தி" என்று இடித்துரைப்பாள். அவ்வுரையில் பொய் இல்லை என்பதை அவனும் அறிவான்.

ஆலையில் பெற்றது வயிற்றுக்குப் போக, முல்லைக்கான தீனியை முல்லையே ஈட்ட வேண்டும் என்பது அவ்வீட்டின் ஏற்பாடு. மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு அதனை அணிசெய்து அழைத்துச் செல்வான் ராயப்பன். எல்லாம் நன்றாகவே நடந்தது, பூவிருந்தவல்லித் திருமணம் ஒன்றில் பெண் வீட்டார் மகிழ்ச்சி மிகுந்து சரவெடியைக் குதிரையின் காலடியிலேயே கொளுத்தும் வரையில். முதல் வெடியில் முல்லையின் செவிகள் பின்னே படிந்தன. இரண்டாம் வெடியில் கண்ணின் வெள்ளை தெரிந்தது. அதற்கடுத்த வெடிகளை எண்ண அது அங்கே நிற்கவில்லை. மேளக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அது பறந்தபோது, மாப்பிள்ளை தலைப்பாகையோடும் மாலையோடும் தெருவோரச் சாக்கடைக்குள் அமர்ந்திருந்தார். மணமகள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள் என்றும், அதனாலேயே அத்திருமணம் இனிது நிறைவேறியது என்றும் ஊரார் கூறுவர். ஆயினும் அதன்பின் எந்தத் திருமணத்துக்கும் முல்லையை எவரும் அழைக்கவில்லை.

குதிரை வெறுமனே நின்று தின்னும் செய்தி எப்படியோ செங்கல் சூளைக்காரர் ஒருவரின் செவிக்கு எட்டியது. மண் சுமக்கக் குதிரை வேண்டும் என்று அவர் வந்து, முல்லையின் முதுகைத் தட்டிப் பார்த்து, பல்லைப் பிளந்து பார்த்து, மீண்டும் வருவதாகக் கூறிச் சென்றார். அவ்வாறே மீண்டும் வந்தார்.

"இந்தா பாரு," என்றாள் ஞானசௌந்தரி. "சூளக்காரரு இன்னொரு தபா வந்தா கயித்த அவரு கையில குட்துடு. கல்யாணத்துக்கும் ஆவாத குதுரய கட்டிகினு நாம இன்னா பண்றது?"

"சூளைக்குப் போனா ஒரு வருசத்துல முதுகு உக்காந்துரும் சௌந்தரி. அங்க போன எந்தக் குதுர திரும்பி வந்துகீது? நீயே சொல்லு."

சூளைக்குச் சென்ற குதிரைகள் முதுகுப் புண்ணில் ஈ மொய்க்க, ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்பதை அவளும் கண்டவளே. வாயில் கடுமையும் நெஞ்சில் ஈரமும் உடைய பெண் அவள்; வாய்ப்பேச்சை மட்டும் கேட்டவர் அவளைத் தவறாக எடைபோடுவர்.

அவ்வேளையில்தான் பாஸ்கரன் வந்தான். திரைப்படங்களுக்கு யானை, குதிரை, ஒட்டகம் என வேண்டிய விலங்குகளைத் தேடிக் கொணரும் ஏற்பாட்டாளன் அவன். அவ்விலங்குகளைவிட விரைவாகப் பேசுபவன். வெள்ளையர் ஆண்ட நாளில் வாழ்ந்த குறுநில மன்னன் ஒருவன் வேட்டையாடும் காட்சியைச் செம்பரம்பாக்கத்து ஏரிக்கரையில் எடுக்கவிருப்பதாகவும், அதற்குச் செந்நிறக் குதிரையே வேண்டும் என இயக்குநர் பிடிவாதம் பிடிப்பதாகவும் கூறினான்.

"ஈரோ குதுர மேல குந்திகினே துப்பாக்கி சுடுவாரு, அண்ணாத்தே. குதுர அசையக் கூடாது. அசஞ்சுதுன்னு வையி, அவரு கீழ, நானு ஊட்டுக்கு. வெடிக்குப் பயப்படாதுல்ல?"

ராயப்பன் குட்டையைப் பார்த்தான், பனையைப் பார்த்தான், முல்லையை மட்டும் பார்க்கவில்லை. "பொங்கல் வரிக்கும் டயம் குடு," என்றான்.

வேட்டைக்குப் பழகிய குதிரை என்று ஒரு முறை பெயரெடுத்துவிட்டால், படத்துக்குப் படம் அழைப்பு வரும். சூளைக்காரர் வாயிற்படியை மிதிக்க வேண்டியிராது. இவ்வொரு நினைவே அவனைப் பேசவைத்தது. பொங்கலுக்குள் முல்லையின் அச்சம் போகவில்லையாயின், முல்லை போய்விடும்.

துப்பாக்கி என்னும் அயற்சொல்லைக் கண்டு முகம் சுளிக்கும் தூய தமிழன்பர் இனி வருமிடமெல்லாம் துமுக்கி எனப் படித்துக்கொள்க. பட்டாபிராமில் அச்சொல் எவருக்கும் விளங்காது என்பதால் யான் ஊராரோடு ஒத்துப் போகிறேன். அத்தகைய துப்பாக்கி ஒன்று, அரசின் ஒப்புதலோடு, ராயப்பனின் நண்பன் ஜம்புலிங்கத்திடம் இருந்தது. மேலண்டைச் சிற்றூரில் வேர்க்கடலை பயிரிட்டு, கொல்லையில் புகும் பன்றிகளை வெருட்டுதற்காக அதனை வைத்திருந்தான். வாய்வழியே கரிமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி அது. "பன்னி கூட இத்த மதிக்கிறதில்ல, ஒன் குதுர இன்னா மதிக்கும்?" என்று கேலி பேசிக்கொண்டே அவன் அதனைச் சாக்கில் சுற்றி மிதிவண்டியில் கட்டிக்கொண்டு வந்தான்.

பழக்கும் முறையை ராயப்பன் யாரிடமும் கற்கவில்லை. முல்லையின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தானே வகுத்துக்கொண்டான். முதலில் வெறுந்துப்பாக்கியைக் கொட்டிலில் சாய்த்து வைத்து, அதன் மரப்பிடியில் வெல்லத்தைத் தேய்த்துவிட்டான். முல்லை முகர்ந்தது, பின்வாங்கியது, மீண்டும் முகர்ந்து நக்கியது. அதன்பின் மருந்தின்றி விசையை மட்டும் சொடுக்கிச் சொடுக்கி அவ்வோசைக்குப் பழக்கினான். பிறகு குட்டைக்கு அப்பால், புதருக்குப் பின்னே, ஜம்புலிங்கம் ஒரு சிட்டிகை மருந்தை மட்டும் இட்டுக் குண்டின்றி வெடித்தான். முல்லை நடுங்கிக் கயிற்றை இழுத்தது. உடல் முழுதும் வியர்த்தது. ராயப்பன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல, நான் கீறேன்" என்று அந்நடுக்கம் அடங்கும் வரையில் கூறிக்கொண்டே நின்றான்.

இதற்கு மேல்தான் அவனுக்கு அந்த எண்ணம் தோன்றியது. ஊறவைத்த கொள்ளென்றால் முல்லைக்கு உயிர். கொள்ளுத் தொட்டியைக் கொட்டிலிலிருந்து எடுத்துச் சென்று, துப்பாக்கி ஏந்தி நிற்கும் ஜம்புலிங்கத்தின் காலடியில் வைத்தான். வெடி வெடித்தால்தான் கொள்ளு; வெடித்த இடத்தில்தான் கொள்ளு; மற்றை வேளைகளில் புல் மட்டுமே. கயிற்றை நீளவிட்டுக் காத்திருந்தான். முதல் நாள் முல்லை கால் மாற்றிக் கால் மாற்றி நின்றதேயன்றி அணுகவில்லை, பசித்தும் நின்றது. மறுநாள், கந்தகப் புகை கலையுமுன் கழுத்தை நீட்டி நீட்டி, ஓரடி வைத்து, ஓரடி மீண்டு, கடைசியில் தொட்டிக்குள் மூக்கை நுழைத்துவிட்டது. ராயப்பன் அன்று ஆலையில் சுமை தூக்கும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டான் என்று உடன் உழைப்போர் பேசிக்கொண்டனர்.

மார்கழி பிறந்தபோது முல்லை வெடியோசை கேட்டதும் செவி நிமிர்த்தியது. மார்கழி முதிர்ந்தபோது, ஜம்புலிங்கம் எந்தப் புதர் மறைவில் நின்று வெடித்தாலும், அவிழ்த்துவிட்ட முல்லை கனைத்துக்கொண்டு நேரே அவன்மீதே ஓடிவந்து, சட்டையை முகர்ந்து, தொட்டியைத் தேடியது.

"டேய் ராயப்பா! வெடின்னா மத்த குதுர வால சுருட்டிகினு ஓடும், இது சாப்பாட்டு மணி அடிச்ச மாறி ஓடியாருதுடா!" என்று ஜம்புலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ராயப்பனும் சிரித்தான். கொல்லைப்புறத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஞானசௌந்தரியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அசையாமல் நிற்கக் கற்பிக்க நினைத்தவர்கள் ஓடிவரக் கற்பித்திருக்கிறார்களே என்று அவர்களுள் எவருக்கும் தோன்றவில்லை.

பொங்கலுக்கு முன்னரே ஏரிக்கரையில் வேட்டைக் காட்சி எடுக்கப்பட்டது. குறுநில மன்னர் வேடம் பூண்டவர் முல்லையின் முதுகில் அமர்ந்து, தொலைவில் இல்லாத மானைக் குறிபார்த்துச் சுட்டார். வெடி தன் முதுகின் மேலேயே எழுந்தமையால், ஓடிச் சேரவேண்டிய இடம் வேறொன்றும் இன்மையின், முல்லை கல்லில் செதுக்கியதுபோல் நின்று, தலையை மட்டும் திருப்பிச் சுட்டவரின் முழங்காலில் கொள்ளு மணக்கிறதா என்று பார்த்தது. வேட்டை முடிந்த தலைவனைப் புரவி பாசத்தோடு நோக்குவதாக இயக்குநர் அதனை எடுத்துக்கொண்டு மெய்சிலிர்த்தார். பாஸ்கரன் ராயப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அன்று மாலை, திருவேற்காட்டு வழியே முல்லையை நடத்திக்கொண்டு திரும்பிய ராயப்பன், இனி இதனை எவரும் தன்னிடமிருந்து கொண்டுசெல்ல முடியாது என்று எண்ணி, வழிநெடுக அதன் பிடரியில் கை வைத்தபடியே வந்தான்.

படிப்பவரே, இங்கே ஒன்று கூற வேண்டும். பட்டாபிராமுக்கு மேற்கே, முட்காட்டுக்கு அப்பால், படைவீரர் சுட்டுப் பழகும் திடல் ஒன்று இருந்தது. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் அத்திடலில் நீர் தேங்கிவிடும், பயிற்சி நின்றுவிடும், பொங்கல் கழிந்து நிலம் உலர்ந்ததும் செங்கொடி ஏற்றி மீண்டும் தொடங்குவர். காலை முழுவதும் வெடியோசை ஊருக்குள் கேட்கும். ஆனால் ஊரார் அதனைக் கேட்பதில்லை. இருப்புப்பாதை ஓரத்தில் வாழ்பவர் வண்டியோசையில் விழிப்பதில்லை அன்றோ? அங்கே பிறந்த குழந்தைகள் தொட்டிலிலேயே அவ்வோசையைக் கேட்டு உறங்கியவை. ஆலையின் சம்மட்டி ஒலியில் இளமையைக் கழித்த ராயப்பனுக்கோ சொல்லவே வேண்டா. முந்தைய ஆண்டுகளில் திடல் வெடிக்கும் காலையில் முல்லை கொட்டிலின் மூலையில் ஒடுங்கி நிற்பதைக் கண்டு, குதிரைக்குக் குளிர் போலும் என்று சாக்குப் போர்த்தியவன் அவன். மாதக்கணக்காக வெடியைப் பற்றியே உண்டும் உறங்கியும் நினைந்த அந்த மனிதன், ஆண்டுதோறும் தன் தலைமேல் ஒலித்த வெடியை மட்டும் நினைக்கவில்லை. வேற்றூரான் எவனும் செய்திருக்க மாட்டாத பிழை அது.

பொங்கல் கழிந்த ஒரு காலையில் திடல் மீண்டும் முழங்கியது. ராயப்பன் பல் துலக்கிக்கொண்டிருந்தான். கொட்டிலில் ஒரு கனைப்பு; முளை பறியும் ஓசை; அவன் திரும்பிப் பார்க்குமுன் முல்லை குட்டையைச் சுற்றி முட்காட்டுக்குள் புகுந்துவிட்டது. பெயர் சொல்லிக் கூவியபடி அவன் பின்னே ஓடினான். பசும்புல்லைக் கண்டு ஓடுகிறதோ, பாம்பைக் கண்டு மிரண்டதோ என்றெல்லாம் எண்ணினான். பாதி வழியில் காலில் முள் தைத்துக் குனிந்தபோதுதான் அவன் செவி திறந்தது. வாழ்நாளில் முதன்முறையாக அத்திடலின் வெடியோசையை அவன் கேட்டான். கேட்டதும் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடினான்.

எதிரே வந்தவன் கன்னியப்பன், திடலில் கொடியேற்றும் காவலாள், அதே ஊரினன். முல்லையைக் கயிற்றில் பிடித்திருந்தான். அவன் முகத்தில் குருதியே இல்லை.

"யோவ், இன்னாய்யா குதுர வளத்துகீற? அத்தினி பேரும் படுத்துகினு சுட்டுகினு கீறான், இது நேரா முன்னால வந்து நின்னு அவனுங்க மூஞ்சிய மோந்து பாக்குது! ஆபீசரு விசிலு ஊதி நிறுத்தலன்னா இன்னேரம் பொணம்யா. கட்டி வையி. நாங்க நிறுத்திட்டோம், ஆனா குண்டு பாதி வழியில நிக்குமா?"

ராயப்பன் இருமடங்கு தடித்த கயிற்றால் கட்டினான். அடுத்த பயிற்சி நாளில் முல்லை கட்டோடு போராடிக் கழுத்துத் தோல் உரிந்து, தன்னையே சுவரில் மோதிக்கொண்டது. பிறகு முளையையும் பெயர்த்துக்கொண்டு ஓடிற்று. அன்று அது நேர்வழியில் செல்லாமல், வீரர் குறிவைத்துச் சுடும் பலகைகளின் பின்புறமாகப் புகுந்துவிட்டது. எவரும் காணவில்லை. கன்னியப்பன் மீண்டும் அதனைக் கொணர்ந்தபோது, இடச்செவியின் நுனி இல்லை. கழுத்தில் குருதி வழிய, முல்லை ராயப்பனின் கையை முகர்ந்து கொள்ளுக் கேட்டது. செவி நுனி போனது பற்றி அதற்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. ராயப்பன் அதன் முகத்தைத் தன் மார்பில் வைத்துக்கொண்டு, ஊரார் பார்க்கிறார்கள் என்ற எண்ணமும் இன்றி ஏங்கி ஏங்கி அழுதான்.

வேறிடத்துக்கு அகற்றியும் பார்த்தார்கள். திருவேற்காட்டில் ஞானசௌந்தரியின் அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டிலில் கட்டினார்கள். அங்கே கோயில் வாயிலில் திருமணம் ஒன்றுக்குச் சரவெடி கொளுத்தினர். முல்லை கட்டறுத்து ஓடி, எரிகின்ற வெடிக்குள்ளேயே மூக்கை வைத்தது. உதடு வெந்த குதிரையை அண்ணன் அன்றே திருப்பி அனுப்பிவிட்டான். முன்பு எந்த ஓசைக்கு அது பறந்ததோ, அவ்வோசையைத் தேடி இன்று நெருப்பில் புகுந்தது. தீபாவளியும் திருமணமும் தேர்தலும் உள்ள நாட்டில் வெடியில்லாத ஊரை எங்கே சென்று தேடுவது? ராயப்பன் பல நாள் சோறு இறங்காமல் இருந்தான். பின்பு ஒரு காலையில், அச்சத்தைத் தானே எடுத்தவன் ஆதலின் தானே அதனைத் திருப்பி வைக்க வேண்டும் என்று துணிந்து, ஜம்புலிங்கத்தை அழைத்துவரச் சென்றான்.

அதே குட்டைக்கரை, அதே துப்பாக்கி, அதே தொட்டி நிறையக் கொள்ளு. தொட்டியருகே ராயப்பன் சாட்டையோடு நின்றான். ஜம்புலிங்கம் வெடித்தான். முல்லை மகிழ்ந்து கனைத்து ஓடிவந்து தொட்டிக்குள் முகம் வைக்க, ராயப்பன் அதன் முகத்திலேயே அடித்தான். அதுவரையில் அவன் கையால் ஓர் அடியும் படாத குதிரை அது. துள்ளிப் பின்வாங்கி, எங்கிருந்து வந்தது இந்த நோவு என்று நாற்புறமும் பார்த்து, கடைசியில் ஓடிவந்து ராயப்பனின் அக்குளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. வெடியின் நடுக்கத்துக்கு அவன் அணைப்பே புகலிடம் என்று அவனன்றோ அதற்குக் கற்பித்திருந்தான்? அவன் அத்தலையைத் தள்ளிவிட்டு மீண்டும் அடித்தான். அது மீண்டும் அவனிடமே ஒதுங்கியது.

ஜம்புலிங்கம் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டான். "என்னால ஆவாது மச்சான். நீ அடிக்க அடிக்க அது ஒன்கிட்டயே வந்து ஒண்டுது. இத்தப் பாக்குற தெம்பு எனக்கு இல்ல."

ராயப்பனின் கையும் தாழ்ந்தது. சாட்டை புல்லில் விழுந்தது. அப்போது வீட்டுப் பின்வாயிலில் நின்றிருந்த ஞானசௌந்தரி இறங்கி வந்து, அச்சாட்டையை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"இன்னா, நிறுத்திட்ட? இன்னிக்கு நீ நிறுத்துனா நாளிக்கு அந்தக் குண்டு நிறுத்துமா? காதுல பட்டது நெத்தில படும். இத்த வித்துடுன்னு சொன்னவ நான்தான். இப்பயும் நான்தான் சொல்றேன், இது உசுரோட இருக்கணும். அடி!"

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். ராயப்பன் அடித்தான்.

அன்றும் அடித்தான், அதன்பின் வந்த நாள்களிலும் அடித்தான். ஜம்புலிங்கம் முகத்தை வேறுபுறம் திருப்பிக்கொண்டு வெடிப்பான். முல்லையின் ஓட்டம் முதலில் நடையாயிற்று. நடை பின்னர்த் தயக்கமாயிற்று. ஒரு நாள் வெடித்ததும் அது பாதி வழியில் நின்று, தொட்டியையும் ராயப்பனையும் மாறிமாறிப் பார்த்தது. அந்தப் பார்வையை அவன் தாங்கமாட்டாமல் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணோடு கையை ஓங்கினான். குளம்பொலி கேட்டது, அது அவனை நோக்கி வரவில்லை, கொட்டிலை நோக்கி விலகி ஓடிற்று.

திடலில் அடுத்த முறை செங்கொடி ஏறிய காலையில், ராயப்பனும் ஞானசௌந்தரியும் கொட்டில் வாயிலில் மூச்சடக்கி நின்றனர். முதல் வெடி எழுந்தது. முல்லை கட்டை இழுக்கவில்லை. உடல் வெலவெலக்க, செவிகள் பின்னே படிய, பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. "மாதாவே!" என்று ஞானசௌந்தரி நெஞ்சில் கைவைத்தாள். ராயப்பன் மகிழ்ச்சி தாங்காமல் கை நிறையக் கொள்ளு அள்ளிக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, நான் கீறேன்" என்று உள்ளே ஓரடி வைத்தான். முல்லை அலறியது. வெடிக்கு நடுங்கியதினும் பன்மடங்கு நடுங்கி, அவனைத் தவிர்க்கச் சுவரில் மோதி, கால் மடங்கி விழுந்து, எழுந்து, மீண்டும் மோதியது. அவன் கையிலிருந்த கொள்ளு தரையில் சிதறியது.

ஞானசௌந்தரி அவனை மெல்ல வெளியே தள்ளிவிட்டுத் தான் உள்ளே சென்றாள். குனிந்து சிதறியதைப் பொறுக்கி, கையை நீட்டிக்கொண்டு நெடுநேரம் அசையாமல் நின்றாள். முல்லை அவள் கையில் தின்றது.

துப்பாக்கிக்கு நடுங்கும் குதிரையைப் பாஸ்கரன் அதன்பின் அழைக்கவில்லை. செய்தியறிந்து சூளைக்காரர் மீண்டும் வந்தபோது, ராயப்பன் வாய் திறக்குமுன் ஞானசௌந்தரி வாயிலில் வந்து நின்று, "எங்க ஊட்டுல விக்கிற குதுர எதுவும் இல்ல, நைனா. போய்ட்டு வா" என்று அனுப்பிவிட்டாள். தீனிக்காக அவள் குடியிருப்புப் பெண்டிருக்குத் துணி தைக்கத் தொடங்கினாள். ராயப்பன் ஆலையில் இரண்டு பணிமுறை சேர்த்து உழைத்தான். முல்லை ஆண்டுகள் பல வாழ்ந்தது. அதற்கு நீர் காட்டுவதும், மேனி தேய்ப்பதும், கொள்ளு வைப்பதும் ஞானசௌந்தரியின் பணிகளாயின. ராயப்பன் புல்லறுத்து வந்து கொட்டிலுக்கு வெளியே போடுவான்; அதற்கு மேல் ஓரடியும் வைப்பதில்லை.

அச்சத்தைப் போக்குவதே அன்பு என்று அவன் ஒரு காலத்தில் எண்ணியிருந்தான். உயிர்களுக்கு அச்சமும் ஒரு காவல் என்று பின்னர்க் கற்றான். கற்றதற்கு அவன் கொடுத்த விலை, அவ்வுயிர் தன்மேல் வைத்திருந்த அன்பு. கொடுத்தது மிகுதி என்று அவன் எவரிடமும் கூறவில்லை. குறைவு என்றும் கூறவில்லை. திடலில் வெடி எழும் காலைகளில் மட்டும், உள்ளிருந்து முல்லையின் கண்ணுக்குப் படாதவாறு கொட்டில் சுவருக்கு வெளியே வந்து நிற்பான். முதல் வெடி ஒலிக்கும். உள்ளே குளம்புகள் தடதடவென்று பின்சுவரை நோக்கி ஒதுங்கும். அந்த ஒலியைக் கேட்டபின்பே அவன் மூச்சுவிடுவான், வேலைக்குப் புறப்படுவான்.